இடப்பக்கத்துப் புள்ளிகள்

கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில், அண்ணியின் மடிக்கணினித் திரையில் அசையாமல் நின்ற அந்தத் திமிங்கிலச் சுறா இன்னும் என் கண்ணில் இருக்கிறது. செத்துக் கரை ஒதுங்கிய அதைப் புதைப்பதற்காகப் பொக்லைன் இயந்திரம் புரட்டுகிறது. யாரோ கைப்பேசியில் எடுத்துப் பொதுவில் போட்டிருந்த காணொளி. உடல் புரண்ட ஒரு கணம் மட்டும் இடப்பக்கம் தெரிந்தது. அண்ணி அங்கேயே நிறுத்தியிருந்தார். ஞாயிறு பூசைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றவில்லை.

அண்ணி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஊர் ஊராகச் சுற்றுபவர்களும் மீனவர்களும் இணையத்தில் போடும் படங்களைப் பார்த்து, எது எந்தச் சுறா என்று அடையாளம் காணும் தன்னார்வலர் குழுவில் பல வருடங்களாக இருந்தார். திமிங்கிலச் சுறாவின் மேலுள்ள வெள்ளைப் புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காதாம். செவுளுக்குப் பின்னால், இடப்பக்கத்தில் இருப்பவற்றைத்தான் பெரும்பாலும் ஒப்பிடுவார்கள். எங்களுக்கு அது அவருடைய பொழுதுபோக்கு, அவ்வளவுதான். அவர் தம்பி மாட்டிக்கொள்ளும்வரை அப்படித்தான் நினைத்திருந்தோம்.

தம்பியின் வலையில் ஒரு திமிங்கிலச் சுறா சிக்கியது. வலையை அறுத்து விட்டுவிட்டதாகச் சொல்லி, அறுக்கும் காணொளியை அவரே பெருமையாக வெளியிட்டார். சில நாட்களில் பக்கத்துக் கரையில் ஒரு சுறா செத்து ஒதுங்கியது, வாலில் வலைத்துண்டோடு. இவன்தான் கொன்றான் என்று ஊரே எழுதியது. கொல்லக் கூடாதென்று சட்டம் காக்கும் மீன் என்பதால், வனத்துறை அதிகாரிகள் படகை நிறுத்தி வைத்து விசாரணைக்கு அழைத்தார்கள். தம்பியின் காணொளியில் இடப்பக்கம் தெளிவாக இருந்தது. கரையில் கிடந்ததன் படங்களிலோ எல்லாரும் வலப்பக்கமாக நின்றே சிரித்துக்கொண்டிருந்தார்கள். படம் போட்ட ஒவ்வொருவருக்கும் அண்ணி எழுதிக் கேட்டு, கடைசியில் கிடைத்ததுதான் இந்தப் புரட்டல்.

"ஏனுங்க அண்ணி, ரெண்டும் ஒண்ணாவே இருந்துட்டா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுன்னுதான் எழுதணும்."

வாசலில் நின்ற அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "உன் தம்பி ஜெயிலுக்குப் போவான். நீ புள்ளி பாத்துட்டு உக்காந்திருப்பியா?"

அண்ணி புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனார். மணல் அப்பியிருந்த இடம் வந்ததும் கை நின்றது. திரையருகே முகத்தைக் கொண்டுபோனார். வெகுநேரம் கழித்து, "வேறன்னுதான் தோணுது. ஆனா நான் அக்கா. எனக்கு அப்படித்தான் தோணும்" என்றார். யாருடைய வழக்கு என்று சொல்லாமல், குழுவிலிருந்த வேறு இருவருக்கு இரண்டு படங்களையும் அனுப்பினார்.

அந்தப் பகல் நகரவே இல்லை. சோறு ஆறிப்போனது. கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் அண்ணன் எழுந்து நின்றார். மாலையில் முதல் பதில் வந்தது: வேறு சுறா. அடுத்தவரும் அதையே சொன்ன பிறகுதான் அண்ணி அதிகாரிகளுக்கு எழுதினார்.

படகைத் திருப்பிக் கொடுத்த அன்று தம்பி பேசினார். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"எக்கா, ஒண்ணு சொல்லணும். வலைய அறுத்தப்போ அது நீந்திப் போகலக்கா. கல்லு மாதிரி கீழ போயிட்டு. கரையில கெடந்ததப் பாத்ததும் அதுதான்னு நானே நம்பிட்டேன்."

"இத ஏம்ல மொதல்லயே சொல்லல?"

"சொன்னா நீயும் என்ன விட்டுருவியோன்னு பயந்துட்டேன்."

அண்ணி இணைப்பைத் துண்டித்துவிட்டார். தம்பி தப்பித்தார், சரி. அவர் அறுத்துவிட்ட சுறா என்ன ஆயிற்று? அதன் பிறகு எந்தக் காணொளி வந்தாலும் அண்ணியின் கண் முதலில் அந்தப் புள்ளிகளைத்தான் தேடியது. அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். தம்பியோடு பேச்சும் குறைந்துபோனது.

அடுத்த வருடம் நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், அண்ணி என்னைக் கூப்பிட்ட குரலே மாறியிருந்தது. எங்கோ தீவுக் கடலில் முக்குளித்த யாரோ எடுத்த காணொளி. வால் அடியில் கயிறு அறுத்த தழும்பு. செவுளுக்குப் பின்னால் அதே புள்ளிகள். அப்போதும் அந்த இருவருக்கும் அனுப்பி, ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் தம்பியை அழைத்தார்.

"எலே, உன் மீனு."

படகு எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. "நீந்துதாக்கா?"

"நீந்துதுல. வாயத் தொறந்து இரை எடுத்துக்கிட்டு, நல்லா நீந்துது."

மறுமுனையில் எஞ்சின் நின்றது. அப்புறம்தான் அவர் அழுவது எங்களுக்குக் கேட்டது.