சத்தம் வராத வெடி

எங்கள் ஊர்த் தியேட்டரில் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டால் கை வெள்ளியாகிவிடும். பட்டாசு ஆலையில் வேலை முடிந்து, குளிக்காமல் கொள்ளாமல் நேராக ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களின் உள்ளங்கையிலிருந்து வருடக்கணக்காக ஏறிய அலுமினியத் தூள் அது; எவ்வளவு துடைத்தாலும் போகாது, தெரியாமல் முகத்தைத் தடவிவிட்டால் முகமும் சேர்ந்து மினுங்கும். பன்னிரண்டு வயதில் அப்படி மினுங்கிக்கொண்டு உட்கார்ந்துதான் அந்த விண்வெளிப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். இன்றுவரை எத்தனை தடவை பார்த்திருக்கிறாய் என்று யாராவது என்னைக் கேட்டால், பதில் நீளும் என்பதால் என் பிள்ளைகள் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள்.

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதன் முதல் பாகத்தின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், எனக்கோ சண்டை என்றால் விடத் தெரியாது. எங்கள் திருத்தங்கலுக்கு வந்தது இரண்டாம் பாகம் மட்டும்தான். முதல் பாகம் என்று ஒன்று மதுரையில் ஓடியதாகவும், அதைப் பார்த்தவரைத் தனக்குத் தெரியும் என்றும் சொல்லிக்கொள்பவர்கள் இருந்தார்களே தவிர, பார்த்தவர் ஒருவரும் அகப்படவில்லை. தமிழ் பேசும் வெள்ளைக்கார அம்மா ஒருத்தி கப்பல் தலைவியாக இருந்துகொண்டு, தண்ணீர் இருக்கும் கிரகத்தைத் தேடி வானத்தில் போகிறாள். அவளுடைய அறையில் மீசைக்காரர் ஒருவரின் படம் மாட்டியிருக்கிறது, அதைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள். அவர் யார், எப்படிச் செத்தார் என்பதெல்லாம் முதல் பாகத்துச் சமாச்சாரம். "புருசன்தான்டி, வேற யாருக்கு இம்புட்டு அழுவா?" என்பது அம்மாவின் கட்சி. நான் அவரை அண்ணனாக்கி, கிணற்றில் தவறி விழவைத்து, பள்ளிக்கூடத்தில் முதல் பாகம் முழுவதையும் நானே கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது வருடம் கழித்து உண்மையான முதல் பாகத்தைப் பார்த்தபோது அவர் கப்பலின் சமையற்காரர் என்று தெரிந்து எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் கதை இதைவிட நன்றாக இருந்தது.

தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் ஒரு மாதம்போல மூடிக் கிடக்கும். வருடம் பூராவும் மருந்து திணித்து, திரி வைத்து, லேபிள் ஒட்டியவர்கள் எல்லாரும் அந்த மாதத்தில்தான் கல்யாணத்துக்குப் போவார்கள், வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், படம் பார்ப்பார்கள். படம் அந்தச் சமயத்தில்தான் வந்தது, அம்மாவும் தெருப் பெண்களும் முதல் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கப்பலில் ஆளுக்கு ஒரு சின்னக் குவளைத் தண்ணீர் அளந்து கொடுக்கும் காட்சியில், பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊர்க்காரர்கள் அடித்த விசிலில் கூரை ஆடியது. "எங்க தெருவுக்கு அதுவும் வரலையே தாயி!" என்று ஒரு கிழவர் கப்பல் தலைவியிடமே முறையிட்டார். ஆக எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த வெடி வரும்வரைக்கும்.

படத்தின் கடைசியில், ஆட்களையெல்லாம் சின்ன ஓடத்தில் ஏற்றிவிட்டு, தன் பழைய கப்பலைத் தலைவி தானே வெடிக்கச் செய்கிறாள். வெள்ளை வெளிச்சம் ஒன்று பூத்து, மஞ்சளாகி, சிவந்து, ஓரங்களில் பச்சை தெறித்துத் திரை முழுவதும் விரிகிறது, துண்டு துண்டாக இரும்பு மிதந்து போகிறது, ஆனால் பொட்டுச் சத்தம் இல்லை. விண்வெளியில் காற்று இல்லாததால் சத்தமும் இல்லை என்பது படம் எடுத்தவர்களின் நியாயம். பிறந்ததிலிருந்து வெடி செய்து பிழைக்கும் சனத்திடம் அந்த நியாயம் செல்லுமா? "ஏலே ஆப்பரேட்டரு, சவுண்ட வைலே!" என்று தரை டிக்கெட்டிலிருந்து குரல் எழும்பியது, செருப்பு ஒன்று பறந்தது, "மருந்து நமுத்துப்போச்சுலே" என்று யாரோ தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். விளக்கைப் போட்டுவிட்டு மேனேஜர் அண்ணாச்சி முன்னால் வந்து, படமே அப்படித்தான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஒருவரும் நம்பவில்லை. திரும்பி வரும்போது அம்மா, "கலரு நல்ல கலரு, ஆனா வெடிக்காத சரக்க எவன் வாங்குவான்?" என்று மொத்தப் படத்தையும் தள்ளிவிட்டாள்.

எனக்கோ அந்தச் சத்தமில்லாத வெளிச்சம் மனதை விட்டுப் போகவில்லை, அதற்குக் காரணம் அப்பா. அப்பா முன்பு வாணம் செய்யும் கம்பெனியில் கலர் மருந்துக் கலவையில் இருந்தவர். எந்தச் சிவப்புக்கு என்ன போட்டார்கள் என்று வானத்தைப் பார்த்தே சொல்வாராம். நான் கைக்குழந்தையாக இருக்கும்போது பக்கத்து அறையில் நடந்த விபத்தில் இடது காது போய்விட்டது, அதன் பிறகு அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்துக்கு மாறிவிட்டார். இயந்திரம் நாள் முழுக்கக் கத்தினாலும் அவருக்கு ஒன்றுமில்லை. திடீரென்று ஒரு வெடி வெடித்தால் மட்டும் உடம்பு உதறும், ஒரு மணி நேரம் பேச்சு வராது. தீபாவளி அன்று முதல் பஸ்ஸில் காரியாபட்டிப் பக்கம் அத்தை வீட்டுக் காட்டுக்குப் போய், கிணற்று மோட்டார் அறையில், வெளிச் சத்தம் கேட்காதபடி மோட்டாரை ஓடவிட்டு உட்கார்ந்துவிடுவார். தானே கலக்கிப் பழகிய நிறங்களை ஆகாயத்தில் பார்த்து அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பா பார்க்கக்கூடிய ஒரே வெடி உலகத்தில் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று நாள் நச்சரித்தேன். "அந்த மனுசன விட்ருடி" என்று அம்மா அதட்டினாள். "சத்தம் வராதுல்ல?" என்று அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வராதுப்பா, சத்தியமா வராது" என்று அவர் கையில் அடித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் போவதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தால், படத்தின் போஸ்டருக்குக் குறுக்கே புதிதாக ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது: "நிஜ வெடிச் சத்தத்துடன்!" கூட்டம் கலைந்துவிடுமே என்று பயந்த மேனேஜர் அண்ணாச்சி, தியேட்டருக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஆளை நிறுத்தி, ஆப்பரேட்டர் மணி அடித்ததும் ஒரு அணுகுண்டு வெடியைக் கொளுத்தச் சொல்லிவிட்டார். வெடிக்கா எங்கள் ஊரில் பஞ்சம்! முந்தின நாள் ஒரு ஆட்டத்தில் கப்பல் தலைவி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிட்டதாகவும், அதற்கும் கைதட்டல் விழுந்ததாகவும் வகுப்பில் பேசிக்கொண்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நான் அப்பாவுக்குச் செய்த சத்தியத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் போக வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் அவர் அதற்குள் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருந்தார்.

சாயங்காலம் நேரே தியேட்டருக்குப் போனேன். அண்ணாச்சி டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மட்டும் வெடி வேண்டாம் என்றேன்.

"பாப்பா, வெடி போட்டாத்தான் இந்தச் சனம் உக்காந்து பாக்குது. போடலைன்னா என்னையப் போட்டு வெடிப்பாக" என்றார்.

"எங்கப்பாவுக்குச் சத்தம் ஆகாது அண்ணாச்சி. வராதுன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"உங்கப்பா யாரு?"

"பிரஸ்ல கட்டிங் மிசின் ஓட்டுறாக. முன்னால கம்பெனியில இருந்தாக, அங்கன வெடிச்சதுல ஒரு காது போச்சு."

அண்ணாச்சி கடலை உரிப்பதை நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் விவரம் கேட்பதில்லை. "கூட்டிட்டு வா, பாத்துக்கிடுவோம்" என்றார். போடமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது, தாயில்பட்டியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். அப்பா, கேட்கும் காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். படம் முழுக்க நான் திரையைப் பார்க்காமல் வாசலில் நின்ற அண்ணாச்சியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவி தன் கப்பலைக் கடைசியாகச் சுற்றிப் பார்க்கத் தொடங்கியபோதே அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், நல்ல இறுக்கமான பிடி. கதையில் ஒன்றிவிட்டார் என்று நினைத்தேன். வெளிச்சம் பூத்தது, விரிந்தது, வெடி வரவில்லை. அப்பாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. "பச்சைக்கு பேரியம்" என்று அவர் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது. அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் பட்டையைப் படித்துவிட்டு வந்த கூட்டம் சும்மா இருக்குமா? "வெடி எங்கலே?" என்று ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்தார். அப்போது தரை டிக்கெட்டிலிருந்து ஒருவர் பொறுக்கமாட்டாமல் "டமார்!" என்று வாயாலேயே போட்டார். அடுத்து பெஞ்சு டிக்கெட், அடுத்து பெண்கள் பக்கம், ஒரே நிமிடத்தில் தியேட்டர் மொத்தமும் "டமார்! டமார்!" என்று கத்தித் தீர்த்தது. நான் பயந்துபோய்த் திரும்பினால் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். அந்த மத்தியானத்துக்காகத்தான் அந்தப் படத்தை நான் இத்தனை வருடமாகக் காதலிக்கிறேன்.

தியேட்டரை இடித்து இப்போது குடோன் கட்டிவிட்டார்கள். படத்துக்கு மூன்றாம் பாகம், நான்காம் பாகமெல்லாம் வந்துவிட்டது. அவற்றில் விண்வெளியிலும் காது கிழிகிறது. நான் இரண்டாம் பாகத்தை மகன் வாங்கித் தந்த பெரிய டிவியில் பார்க்கிறேன். போன மாதம் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். எண்பதை நெருங்கிவிட்டார், வலது காதும் இப்போது பாதிதான். கப்பலைச் சுற்றிப் பார்க்கும் காட்சி வந்ததும், அன்று அண்ணாச்சியிடம் போய்க் கெஞ்சியதை முதன்முறையாக அந்தக் காதருகே உரக்கச் சொன்னேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அதான் வெடிக்கலையா!" என்றார். "அந்த 'நிஜ வெடி'ப் பட்டை நம்ம பிரஸ்ல அடிச்சதுதானம்மா. வெட்டுனதே நான்தான்."

"தெரிஞ்சுமா வந்தீக?"

"நீ அம்புட்டு ஆசையாக் கூப்பிட்டியே" என்றார்.

திரையில் வெளிச்சம் பூத்திருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை.