இரண்டு கட்டையும் ஒரு குமிழும்

போன வாரம் தஞ்சாவூரில் மகள் வீட்டில் டைல்ஸ் ஒட்ட வந்த தம்பி, தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தை மறந்துவிட்டு வந்ததாகச் சொல்லித் தன் செல்போனைத் தரையில் படுக்கவைத்தார். திரையில் பச்சையாக ஒரு குமிழ் ஓடிவந்து நடுவில் நின்றது. "பாத்தீங்களாக்கா, எல்லாம் இதுலயே வந்துருச்சு" என்றார். நான் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் டீ கேட்டாராம். என் காதில் விழவில்லை என்று மகள் சிரித்தாள்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் லேத், அதாவது கடைசல் மெஷின், ஓட்டியவர். கல்யாணமான புதிதில், "இனிமே போகலை புள்ள, இங்கயே தொழில் பண்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய குறட்டை உட்பட எல்லாவற்றையும் மன்னித்தேன். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் என்னைப் பெற்ற அத்தா எங்களுக்குக் கொடுத்த மனையில் வீடு கட்டினோம். அடுப்படிக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, பழைய லேத் ஒன்றை வாங்கி நிறுத்தினோம். வயல்களில் ஓடும் பம்புசெட்டுகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பதுதான் திட்டம். அது நடந்தால் இருப்பார், நடக்காவிட்டால் மறுபடி விசா. அவர் போகக் கூடாது. அந்த நாட்களில் எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

லேத்துக்குச் சமமாக நிற்பது முக்கியம். துளி முறுக்கிக்கொண்டாலும் அதில் கடையும் உருளை ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் வந்துவிடும். அதன் மேல்பரப்பில் வரப்பு மாதிரி மேடுகள் இருப்பதால் ரசமட்டத்தை நேராக வைக்க முடியாது. ஒரே உயரமுள்ள இரண்டு எஃகுக் கட்டைகளை இரு பக்கமும் வைத்து, அவற்றின்மேல் ரசமட்டத்தைப் படுக்கவைப்பார்கள். ஓரங்குலம், இரண்டங்குலம், மூன்றங்குலம் என்று அளவெடுத்துச் செய்த கட்டைகள், உடம்பெல்லாம் துளை. அவர் 'ஒன் டூ த்ரீ' என்பார். நான் அப்போது நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஒன் டூ த்ரீ என்றால் எனக்கு மூக்கொழுகும் பிள்ளைகள்தான் ஞாபகம் வரும்.

கட்டை வாங்க அவரோடு திருச்சிக்குப் போயிருந்தேன். பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. தனித்தனியாக வாங்கக் கூடாதாம், ஒன்றாகச் சாணை பிடித்த ஜோடியாக வேண்டுமாம். துளை விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். மட்டம் பார்க்கும் கருங்கல் பலகைமேல் இரண்டையும் வைத்து, அளவு காட்டும் டயலின் முள்ளை ஒன்றின் தலையிலிருந்து மற்றதன் தலைக்கு நகர்த்தினார். முள் அசையவில்லை என்று தெரியும்வரை அவர் மூச்சும் விடவில்லை. கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாய், சாயங்காலம் கடையடைக்கணும்" என்றார்.

துருப்பிடிக்காமலிருக்க அவற்றுக்குத் தடவும் எண்ணெயின் வாசனை வீட்டுத் தலையணைவரை வந்துவிட்டது. மாமிக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, அந்த வாசனையே ஆகாது. ஆனால் மகன் வீட்டிலிருக்கிறான் என்பதால் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

முதல் வேலை கோடையில் நன்றாகவே போனது. ஆனியில் செய்து கொடுத்தவை அப்படியே திரும்பி வந்தன. ஒரு முனை பருமன், ஒரு முனை ஒல்லி. அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழ் கோட்டுக்கு வெளியே நின்றது. லேத்தின் காலடியில் தகடு செருகிச் சரிசெய்தார். மறுநாள் மறுபடியும் வெளியே.

"இதால இஞ்சி தட்டுனியா?" என்று கட்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"இஞ்சி தட்ட எங்கிட்ட அம்மி இருக்கு மச்சான். உங்க கட்டை யாருக்கு வேணும்?"

கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. யார்மேல் குற்றம் என்று பார்க்க அவர் இரண்டு கட்டைகளையும் இடம் மாற்றி வைத்தார். குற்றம் கட்டையில் இருந்தால் குமிழ் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். ஓடவில்லை. அது நின்ற பக்கமே நின்றது. மனுஷன் நம்பவில்லை. மறுபடி திருச்சி, மறுபடி ஒரு ஜோடி, இன்னும் உசத்தியானது. புதுக் கட்டையிலும் குமிழ் அதே திசையில் நகர்ந்தது.

நகர்வதை நானே பார்த்தேன். பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. மோட்டார் ஓடவில்லை, காற்றில்லை, ஷெட்டில் என்னைத் தவிர ஆளில்லை. காலையில் கோடுகளுக்குள் இருந்த குமிழ் மதியம் லுஹர் பாங்கு சொல்வதற்குள் ஒரு கோடு தள்ளிப் போயிருந்தது. பூனை இருக்கிறதா என்று லேத்துக்கு அடியில் குனிந்து பார்த்தேன், அவ்வளவு புத்திசாலி நான்.

மாமி கேள்விப்பட்டதும், "அங்க என்னமோ இருக்கும்மா" என்று பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிவந்து ஷெட்டெல்லாம் தெளித்துவிட்டார். மறுநாள் லேத்தில் செம்புள்ளிகள். என் வீட்டுக்காரர் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்து துடைத்துக்கொண்டே, "அது போச்சோ இல்லையோ, துரு வந்துருச்சு" என்றார்.

பள்ளியிலிருந்து திரும்பும்போது ஒருநாள் பஸ் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆற்றில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. அணையைத் திறந்து சில வாரமாகிறது, இப்போதுதான் நிறைந்திருக்கிறது என்றார் பக்கத்து சீட்டுக்காரர். எனக்குக் குமிழ்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய ஜோடிக் கட்டைகளையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு அறை அறையாகத் தரையில் வைத்தேன். கட்டை இருந்த இடத்தைச் சாக்பீஸால் கோடிட்டு, மறுநாள் அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். முன்கூடத்தில் அசைவே இல்லை. ஷெட்டில் அசைந்தது. அடுத்த நாள் அடுப்படியில் அசைந்தது. அதற்கு அடுத்த நாள் எங்கள் படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில், குமிழ் மெல்ல ஒதுங்கியது. ஏதோ ஒன்று எங்கள் வீட்டுக்குக் கீழே வழி தெரிந்து போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் முன்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். காரணம் கேட்டவரிடம் புழுக்கம் என்றேன்.

சாக்பீஸ் கோடுகளைத் துடைத்துவிட்டு அத்தாவை வரச் சொன்னேன்.

"அத்தா, இந்த மனையில முன்ன என்ன இருந்துச்சு?"

"வயல்தான், வேறென்ன" என்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு கிளை வாய்க்கா போச்சு. வயலெல்லாம் மனையாப் போனப்புறம் அதுக்கென்ன வேலை? தூத்துட்டோம். அது செத்துப்போன வாய்க்காம்மா."

"எந்தப் பக்கமாப் போச்சு?"

எழுந்து ஷெட்டுக்குப் போனார். அங்கிருந்து நடக்க ஆரம்பித்தார். அடுப்படிக்குள் நுழைந்து, சுவர் தடுத்த இடத்தில் சுற்றிவந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் எந்தெந்த இடத்தில் கட்டை வைத்தேனோ, அந்தந்த இடத்தில் கால் வைத்தார். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். எங்கள் கட்டிலுக்கு முன்னால் வந்ததும் அத்தா நின்றுவிட்டார்.

"இங்கதான் மதகு" என்றார்.

பிறகு ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு அந்தக் குமிழையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆத்துல தண்ணி வந்தா அடியில களிமண்ணு ஊதுது. சம்பா அறுத்து ஆத்தை மூடுனா அமுங்கிடும்" என்றார் என் வீட்டுக்காரர், தனக்கே சொல்வதுபோல. அத்தா அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை. "நம்ம வயலுக்குத்தான் போகுது, பாவம்" என்றார். அங்கே வயலே கிடையாது. நாலு வீடும் ஒரு கல்யாண மண்டபமும் இருந்தன.

முன்கூடத்தில் லேத் அடங்காது, வேறு மனை வாங்க வழியில்லை. லேத்தை விற்றோம். விசா வந்தது. வழியனுப்பிய அன்று நான் அழவில்லை. அத்தாவிடம் ஒரு வருஷம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் கட்டிலுக்கு அடியில் அந்தக் கட்டைகளை வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. குமிழ் நகர்ந்ததும் அவருக்குப் போன் செய்வேன். "வந்துருச்சு மச்சான்" என்பேன். "சரி புள்ள" என்பார். அத்தா மௌத்தாகி அடக்கமானார், மாமி மௌத்தானார், மகள் கட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனாள். ராத்திரியில் கட்டிலில் படுத்தால் அடியில் அது போய்க்கொண்டிருப்பது தெரியும், சத்தமேதும் இராது. பயம் எப்போது விட்டுப்போனது என்று எனக்கே தெரியவில்லை.

போன வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தது. குமிழ் நகரவில்லை. கட்டைகளைத் துடைத்து இடம் மாற்றி வைத்தேன். நகரவில்லை. வாய்க்கால் பிரிகிற இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பி, கரையை ஆழமாக அடைத்துவிட்டார்களாம். ஒரு வாரம் பொறுத்துப் போன் செய்தேன்.

"மச்சான், தரை நின்னுருச்சு. இனிமே அசையாது. வந்துருங்க."

"இப்பல்லாம் டயல் முள்ளே எனக்குச் சரியாத் தெரியறதில்ல புள்ள" என்றார் அவர். "வந்து என்ன பண்ணப்போறேன்?"

கட்டிலுக்கு அடியில் அதுவும் இல்லை. அந்த வீட்டில் இப்போதுதான் நான் தனியாக இருக்கிறேன்.