ஜன்னலில் அடைத்த சாக்கு

தொண்ணூற்றேழாம் வருடம். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒற்றை அறை வீடு எங்களுக்கு. நானும் மனைவியும் இஸ்திரி போடுகிறவர்கள். காக்ஸ் டவுனில் ஒரு மரத்தடியில் தள்ளுவண்டி. ஆடி மாதச் சாரல் பிடித்துவிட்டால் வண்டி போட முடியாது. அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே கரி போட்டு அவள் தேய்ப்பாள். நான் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவேன்.

அந்த வருடம் மழையோடு அவளுக்குத் தலைவலியும் வந்தது. வாந்தி வேறு. ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. தெருமுனை கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, ரத்தத்தில் குறையில்லை என்றார்கள். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ரத்தத்தில் குறையில்லை என்றால், யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டம்மாள் மேல் சந்தேகம் விழுந்தது. புதிதாகக் குடிவந்த கன்னடக்காரர். தினமும் ஒரு கிண்ணம் சாறு கொடுப்பார், அவர்கள் பக்கத்துக் குழம்பு. கேட்காமல் கொடுப்பவர்களை நம்பி எனக்குப் பழக்கமில்லை. அவருடைய சமையல் ஜன்னல் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே. எப்போதும் இங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

சாறு வர வரச் சாக்கடையில் கொட்டினேன். ஒரு நாள் மனைவி பார்த்துவிட்டாள்.

"யோவ், அதே சாறத்தான் அவங்க வீட்லயும் குடிக்கிறாங்க. செத்தா போயிட்டாங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆமாய்யா, உன் நிழலு பின்னால வந்தாலும் திரும்பிப் பாக்கற ஆளு நீ."

கொட்டியும் தலைவலி நிற்கவில்லை. அப்படியானால் அந்தம்மாள் கண் பட்டதுதான் என்று முடிவு செய்தேன். காலிக் கரிச்சாக்கை மடித்து, ஜன்னலில் இடுக்கு விடாமல் அடைத்தேன்.

மறுநாளும் சாரல். துணி நனையும் என்று அவள் கதவையும் தாழ் போட்டுக்கொண்டாள். நான் மூட்டையோடு கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது கதவின் தாழ் பெயர்ந்து கிடந்தது. மனைவி சந்தில், மழையில் கிடந்தாள். தலை பக்கத்து வீட்டம்மாள் மடியில். அருகே ஒரு குழவிக்கல்.

"இவள என்ன பண்ணுனே?" அதுதான் என் வாயில் வந்த முதல் வார்த்தை.

அவர் சண்டைக்கு வரவில்லை. "ஜன்னல் மூடிட்டீங்க, ஒண்ணும் தெரியல. கூப்டேன், சத்தமே இல்ல. பாகிலு, அதான் கதவு, கல்லால ஒடச்சு வெளிய இழுத்தேன். மொதல்ல ஆட்டோ கூப்பிடுங்க, அப்புறம் திட்டுங்க."

ஆட்டோவில் அவர் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். அப்போதும் அவர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நான் சீட்டை நீட்டி, ரத்தம் நன்றாக இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஏதோ கொடுத்துவிட்டார்கள் என்றேன். அந்தம்மாள் அருகில் நிற்கும்போதே சொன்னேன். டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். என் கருத்த விரல்களைப் பார்த்தார். என்ன வேலை, கரி எங்கே எரிந்தது, ஜன்னல் உண்டா என்று கேட்டார். சாக்கைப் பற்றிச் சொன்னேன்.

"ஹீமோகுளோபின்னா உன்ன மாதிரிதான்ப்பா. நுரையீரல்ல ஆக்ஸிஜன் மூட்டைய ஏத்திக்கும். உடம்பு பூரா வீடு வீடா இறக்கும். மறுபடி ஏத்திக்க வரும். மூடின ரூம்ல கரி எரிஞ்சா ஒரு விஷக்காத்து வரும், வாசனை கிடையாது. அது தோள்ல ஏறிட்டா லேசுல இறங்காது. ஆக்ஸிஜனுக்கு எடம் இருக்காது. உன் சீட்டுல தூக்கற ஆளுங்க கணக்கு சரியாத்தான் இருக்கு. தூக்கற மூட்டைதான் தப்பு."

ஜன்னல் வழியே கொஞ்சம் காற்று வந்ததால்தான் அதுவரை தலைவலியோடு நின்றிருக்கிறது. அதையும் அடைத்தவன் நான்.

சாயங்காலம் கண் விழித்தாள். "அந்த வெள்ளச் சட்ட கருகிடுச்சா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டம்மாள் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சாக்கைப் பிடுங்கினேன். எதிர் ஜன்னலில் அவர் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. அவருடைய காலிக் கிண்ணத்தை நீட்டினேன்.

"குடிக்கறதுக்கா, கொட்டறதுக்கா?" என்றார்.

எல்லாம் தெரிந்துதான் தினமும் கொடுத்திருக்கிறார்.

இன்றைக்கும் யார் மேலாவது சந்தேகம் வந்தால், என் வீட்டில் நான் எதை அடைத்து வைத்திருக்கிறேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.