பொம்மையின் முன்னால் வெனிலா

என் நாத்தனார் வெனிலாவுக்கு நாலு பேர் பார்த்தால் குரல் அடைத்துவிடும். ஆம்புலன்ஸ் வேலைக்கான செய்முறைத் தேர்வில் ஒரு முறை தோற்றது அதனால்தான். இன்னொரு முறை தோற்றால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று மாமனார் தொம்மை சொல்லிவிட்டார்.

அவள் இந்தப் படிப்புக்கு வரக் காரணம் அவளுடைய அண்ணன், என் கணவர் மரிய அருண். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சுற்றி நின்றவர்கள் வலிப்பு என்று தாங்களே முடிவு செய்து, கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். சோடா வாங்கி வந்தார்கள். வீடியோ எடுத்தார்கள். நெஞ்சை அழுத்த மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கேயே உயிர் போய்விட்டது.

விழுப்புரத்தில் அவள் சேர்ந்த பயிற்சி மையம் அந்தக் கூட்டத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. மார்பை அழுத்திப் பழக அங்கே இருப்பது ஒரே ஒரு ரப்பர் பொம்மை. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மற்ற நாட்களில் பாலித்தீன் உறையோடு பீரோவுக்குள் கிடக்கும். அழுத்தினால் ஸ்பிரிங் போய்விடுமாம். அதனால் பயிற்றுநர் ஆனந்தராஜ் எல்லாச் சிகிச்சையையும் வாயாலேயே செய்யக் கற்றுக்கொடுத்தார். "சட்டையக் கழட்டிட்டேன் சார், அழுத்திக்கினு இருக்கேன் சார்" என்று வகுப்பே கத்தும். கைகள் சும்மா தொங்கும். இப்படிக் கத்தியவர்கள் எல்லோரும் தேறினார்கள். கத்தாத வெனிலா தேறவில்லை.

"பயத்துல குரலே வரமாட்டேங்குது, என்னா சார் பண்றது?" என்று அவரிடமே கேட்டிருக்கிறாள்.

"கண்ண மூடிக்கினு கத்தும்மா. பயம் தானா ஓடிப்பூடும்."

வீட்டில் நாங்கள் பொம்மைக்குப் பதிலாக உமி மூட்டைக்குள் பழைய சைக்கிள் டியூபைத் திணித்து வைத்தோம். தோள் கடுக்கும்வரை அழுத்துவாள். முதலில் தாளம் தப்பும். மனசுக்குள் எண்ணிக்கொண்டே அழுத்தினால் சீராகிவிடும் என்று அவளே கண்டுகொண்டாள். குரல்தான் வசப்படவில்லை. பேருந்தில் பாடத்தை முணுமுணுத்தபடி போவாள். ஜெபமாலை சொல்கிறாள் என்று நினைத்து நடத்துநர் ஒதுங்கி நின்றாராம்.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கையில் போண்டா, மறு கையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் போனவர்கள் கத்தினார்கள். அவர் நிமிராமலே மதிப்பெண் போட்டார். தேர்வுக்காகப் பீரோவிலிருந்து இறக்கி வைத்திருந்த பொம்மையருகே வெனிலா மண்டியிட்டாள். உறையை உருவி, சட்டைப் பொத்தான்களை நிஜமாகவே கழற்றி, அழுத்தத் தொடங்கினாள்.

"வாயத் தொறந்து சொல்லும்மா. எதப் பாத்து மார்க் போடறது?" என்றார் தேர்வாளர். பார்ப்பதற்கு அவர் எதிரிலேயே இரண்டு கைகள் இயங்கிக்கொண்டிருந்தன.

"ஐயோ, ஸ்பிரிங்கு! மெதுவா, மெதுவா!" என்று பதறினார் ஆனந்தராஜ்.

"போதும், எழுந்திரு," என்றார் தேர்வாளர்.

அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. "நிறுத்தக்கூடாது சார். எனக்குக் கை ஓஞ்சுபோச்சு. ஆனந்தராஜ் சார், ஜல்தி வாங்க! நீங்க மாத்திக்கினு அழுத்துங்க."

களைத்தால் ஆள் மாற்ற வேண்டும் என்பது அவரே மனப்பாடம் செய்யவைத்த வரி. மறுக்க வழியில்லை. இறுக்கமான பேண்ட்டோடு பாதிதான் குனிய முடிந்தது. இரண்டு கைகளையும் சேர்த்துப் பொம்மையின் தொப்புள்மேல் வைத்தார்.

"சார், அது வயிறு," என்றாள் வெனிலா. "மேல வாங்க. இன்னும் மேல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. விஷயம் வெளியே போனால், இவ்வளவு காலமும் எதைக் கேட்டு மதிப்பெண் போட்டீர் என்று அவரிடமும் கேட்பார்களே! அவசரமாகத் தேர்ச்சி என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவளுடைய திறமைக்குக் கிடைத்த தேர்ச்சி அல்ல அது. அவருடைய பயத்துக்குக் கிடைத்தது.

வெனிலா வெளியே ஓடி வந்து எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, பாஸ். அப்பாகிட்ட நீங்க சொல்லிடாதீங்க, நானே சொல்லணும். பஸ்ஸு வந்துருச்சு, வெச்சிர்றேன்."