டோரினின் வலது கை

கார் இருக்கை தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் டோரின் வாண்டர்மோலன், எங்கள் பள்ளி ரோபோ அணிக்குப் பதினோரு வருடமாகச் சம்பளம் இல்லாத வழிகாட்டி. நானும்தான். ஆனால் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் ரோபோவின் கை மடங்கியபோது, அதை நிறுத்த டோரின் அரை நொடி தாமதித்துவிட்டாள். அணி மாணவி கெண்ட்ராவின் சுண்டுவிரல் நசுங்கியது. விரல் ஆறிவிட்டது, டோரினுக்கு ஆறவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இவளோ தினமும் போய் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்குப் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி வருகிறது. சோதித்துப் பார்க்க முன்கூட்டியே ஆறு அணிகளுக்குக் கொடுத்தார்கள், அதில் நாங்களும் உண்டு. நவம்பர் சனிக்கிழமை காலை, மிச்சிகன் மாநிலம் முழுவதிலிருந்தும் வந்த முப்பது அணிகளுக்கு அதை ஓட்டிக் காட்ட வேண்டும். பழைய முறையில் கீபோர்டின் நீளப் பட்டையை, அதாவது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ரோபோ நிற்கும். புதியதில் தனியாக ஒரு சிவப்புப் பொத்தான். மூன்று வாரமாக டோரின் அதை மட்டும் அமுக்கிப் பழகினாள்.

"மிஸ், தூக்கத்துலயும் அமுக்குறீங்களாமே? உங்க வீட்டுக்காரர் சொன்னாரு," என்றாள் கெண்ட்ரா. இப்போது ரோபோவை ஓட்டுவது அவள்தான்.

"சிரிக்காத. பாதுகாப்புக் கண்ணாடியப் போடு."

சக்கரங்கள் தரையில் படாதபடி ரோபோவை மரக்கட்டைகள் மேல் ஏற்றினோம். "ஓட்டப் போறேன்!" என்று கெண்ட்ரா கத்தினாள். வழக்கப்படி எல்லோரும் கையை விலக்கிக்கொண்டோம். சக்கரங்கள் சுழன்றன. அதிர்வில் ஒரு கட்டை நழுவ, அறுபது கிலோ ரோபோ தரையில் இறங்கி முன்வரிசையை நோக்கிப் பாய்ந்தது.

டோரினின் கை விழுந்தது கீபோர்டின் நீளப் பட்டையின் மேல். ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறையும். ரோபோ நிற்கவில்லை. கெண்ட்ரா எட்டிச் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். ஒருவரின் காலணிக்குச் சாண் தூரத்தில் அது நின்றது.

"கட்டை நழுவிருச்சுன்னு சொல்லிரு. அது நெசந்தான," என்று டோரின் காதில் சொன்னேன். சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

டோரின் மைக்கை எடுத்தாள். "கட்டை நழுவுச்சு. ஆனா நிறுத்த வேண்டியது நான். மூணு வாரம் பழகியும் என் கை பழைய இடத்துக்குத்தான் போச்சு. எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. உங்க பிள்ளைங்க பக்கம் ரோபோ பாயுது. நிறுத்துங்க!"

முப்பது அணிகளின் வழிகாட்டிகளும் உள்ளங்கையால் தொடையில் ஓங்கி அடித்தார்கள். நீளப் பட்டையை அடிக்கிற அடி. ஒருவர் விரல்கூடப் பொத்தானை அமுக்குவதுபோல் நீளவில்லை.

"அப்படியே இருங்க. இப்பக் கண்ணத் திறந்து பாருங்க."

பெட்டியை வடிவமைத்துக் கொண்டுவந்திருந்த பொறியாளர் ஓரத்தில் நின்றிருந்தார். அவர் கையும் தொடைமேல்தான் விரிந்து கிடந்தது. அதையே சிறிது நேரம் பார்த்தவர், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

டோரின் கெண்ட்ராவிடம் திரும்பினாள். "விரலக் காட்டு."

"பத்தும் இருக்கு மிஸ்."

டோரின் பத்தையும் எண்ணிப் பார்த்தாள்.