எத்திராஜ் பார்த்துக் கொடுத்த ஜீப்

ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. "லேசா தள்ளு நைனா. போதும். இப்ப பின்னால இழு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது. வெளியே நிற்கும் ஆள் தள்ளுகிறார், இழுக்கிறார். மறுபடியும் தள்ளச் சொல்கிறது குரல். பத்து நிமிஷம் கழித்து எத்திராஜ் முதுகெல்லாம் மண்ணோடு வெளியே வருகிறார். விரலில் ஒட்டியிருக்கும் எண்ணெயைத் தேய்த்துப் பார்க்கிறார், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். "இது வாணாம்" என்கிறார். ஏன் என்று கேட்டால்தான் சொல்வார், கேட்காவிட்டால் அடுத்த ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

இடம், சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையோரம் இருக்கும் பக்தவத்சலத்தின் மைதானம். ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து வந்து இங்கே வரிசையாக நிறுத்தியிருப்பார் அவர். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், வயல் சேற்றில் இறங்க வேண்டும், மூட்டை ஏற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானால் மலைக்காட்டுத் தடத்தில் ஏறியும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் திருவள்ளூர் வரையிலிருந்து இங்கேதான் வருகிறார்கள். அவர்களில் புத்தியுள்ளவர்கள் முதலில் வெள்ளானூருக்குப் போய் எத்திராஜைக் கையோடு அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

எத்திராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. வெள்ளானூர் ஏரிக்குக் கீழே மூன்று ஏக்கர் பயிர் செய்கிறார். இளவயதில் ஆவடியில் ஒரு வண்டிப் பட்டறையில் பதினோரு வருஷம் ஸ்பேனர் பிடித்தவர். ஊரில் எல்லோரும் நிலத்தை விட்டுவிட்டு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் இவர் வேலையை விட்டுவிட்டு நிலத்துக்குத் திரும்பினார். அந்த முடிவை அவர் மனைவி எல்லம்மா இன்றைக்கும் முழுதாக மன்னித்ததாகத் தெரியவில்லை.

ஜீப் பார்த்துக் கொடுப்பதற்குக் கமிஷன் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வண்டியைப் பார்க்கும் முன்னால் வாங்குகிறவரின் நிலத்தைப் பார்க்க வேண்டும். "மொதல்ல மண்ண காட்டு, அப்பால வண்டிய பாக்கலாம்" என்பார். போய், செருப்பைக் கழற்றிவிட்டு, நிலம் முழுக்க நடப்பார். குதிகாலால் அழுத்திப் பார்ப்பார். வழியின் அகலத்தை அடிமேல் அடி வைத்து அளப்பார். யார் ஓட்டப்போகிறார்கள், என்ன ஏற்றப்போகிறார்கள், எந்த மாசத்தில் என்றெல்லாம் பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரிப்பார். முக்கால்வாசிப் பேருக்கு அவர் சொல்லும் தீர்ப்பு, ஜீப் வேண்டாம் என்பதுதான். எனக்கும் அதே கதிதான். திருமுல்லைவாயிலில் எனக்கு இரண்டு கிரவுண்டு நிலமும் ஒரு ஜீப் ஆசையும் இருந்த காலத்தில் அவரை அழைத்துப் போனேன். நிலத்தை ஒருமுறை சுற்றி வந்தார். "இதுக்கு இன்னாத்துக்கு சார் ஜீப்பு? ஒரு சைக்கிள் வாங்கு, கேரியர் வெச்சி" என்றார். எனக்கு ஒரு வாரம் கோபம். பிறகு சைக்கிள்தான் வாங்கினேன்.

ஜீப்பைச் சோதிக்கும்போது அவர் இன்ஜினைக் கிளப்பவே விடமாட்டார். "இஞ்சின் கத்துனா காது அத்தையே கேட்டுக்கினு இருக்கும். மத்தது ஒண்ணும் கேக்காது" என்பார். அடியில் படுத்துக்கொண்டு, முன்சக்கரங்களுக்குப் போகும் இரும்புத் தண்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். மேலே ஒருவர் நாலு சக்கர லீவரைப் போட்டு வண்டியை ஆட்டவேண்டும். "ஒரு தபா கடக்குன்னா பல்லு கீது. ரெண்டு தபா கடக்குன்னா தேஞ்சு பூட்சி. சத்தமே இல்லன்னா உள்ள ஒண்ணுமே இல்ல, உன்னிய டபாய்க்கிறான்." பெட்ரோல் மிச்சமாகும் என்று அந்தத் தண்டையே கழற்றி எறிந்துவிட்டு, லீவரை மட்டும் அழகுக்கு விட்டுவைத்திருக்கும் ஜீப்புகள் ஊரில் ஏராளம். வாங்கினவருக்கு அது முதல் மழையில் சேற்றுக்குள் நிற்கும்போதுதான் தெரியவரும். அடுத்தது எண்ணெய். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இதையெல்லாம் பக்தவத்சலத்தின் எதிரிலேயே சத்தமாகச் சொல்வார். பக்தவத்சலம் தலையில் அடித்துக்கொள்வார், ஆனால் டீ சொல்லி அனுப்புவார். எத்திராஜ் சரி என்று சொன்ன ஜீப்புக்கு அப்புறம் யாரும் பேரம் பேசுவதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, தை அறுப்பு முடிந்ததும், எல்லம்மாவை அழைத்துக்கொண்டு தன் ஜீப்பில் நாகலாபுரம் மலைப்பக்கம் போவார். ஜீப்பை ஓட்டுவது எல்லம்மா. இவர் முன்னால் நடப்பார். ஓடை வந்தால் கையில் ஒரு கழியோடு இறங்கிக் குறுக்கே போய்த் திரும்பி வந்து, பிறகுதான் வண்டிக்குக் கை காட்டுவார். "நடந்து பாக்காத தண்ணில வண்டிய உடக்கூடாது" என்பது அவர் சட்டம். "ஜீப்பு வாங்கியும் நடந்தேதான் மலைக்கு வர்றாரு எங்க ஊட்டுக்காரரு" என்பது எல்லம்மாவின் புகார்.

போன பங்குனியில் நசரத்பேட்டையிலிருந்து வடிவு அவரைத் தேடி வந்தார். குத்தகை நிலத்தில் சாமந்தியும் கனகாம்பரமும் போடுகிறவர். கணவர் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். நிலத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே கால்வாயை ஒட்டி முக்கால் மைல் மண்வழி. அதற்கு முந்தின தீபாவளிக்கு அந்த வழி மழையில் மூழ்கி, மூன்று நாள் பூ செடியிலேயே அழுகிவிட்டது. நிலத்துக்காரர் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தீபாவளி இப்படிப் போனால் நிலத்தை பிளாட் போட்டுவிடுவேன். வடிவுக்கு அந்த வழியைத் தாண்டியாக வேண்டும். அதற்குத்தான் ஜீப்.

கூடவே வந்த தம்பி குணசேகரனுக்கு வேறு கனவு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாவது ஷிப்ட் பார்க்கிறவன். காலையில் ஜீப்பை ஓட்டப்போகிறவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு மலைத்தடம் ஏறவேண்டும் என்று மைதானத்திலேயே பெரிய ஜீப்பாக ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டான். புதுப் பச்சை பெயிண்ட், ஆறு சிலிண்டர் இன்ஜின். எத்திராஜ் அதன் அகலத்தைக் கண்ணால் அளந்தார். "உங்க வழி ஆறடி நைனா. இது கால்வாய்ல ஒரு சக்கரத்த வெச்சிக்கினுதான் போவும்" என்றார். ஓரத்தில் நிறம் வெளுத்துக் கதவில்லாமல் நின்ற சின்ன ஜீப்பைக் காட்டினார். "மலைக்கு வருசத்துல நாலு நாளு போவ. பூவுக்கு தெனம் போவணும். மலைக்கும் இது ஏறும், நீ பயந்தாலும் அது பயப்படாது."

அதோடு நிற்கவில்லை. சின்ன ஜீப்பில், சேற்றைக் கவ்வுவதற்கென்று ஆழமாகப் பட்டன் வெட்டின ராணுவ டயர்கள் இருந்தன. அதையாவது விட்டு வையுங்கள் என்றான் குணசேகரன். "உங்க வழி மொத்தமும் மணலு. பட்டன் டயரு மணல தோண்டும், குழி பறிச்சிக்கினு எறங்கிடும். மணலுக்கு சாதா டயருதான் மெதக்கும்" என்று சொல்லி, பக்தவத்சலத்திடமே டயர்களை மாற்ற வைத்தார் எத்திராஜ். அவர் சொன்னது சரிதான். பங்குனியில் அந்த வழியில் நானும் நடந்திருக்கிறேன், கால் புதையும் மணல்.

ஐப்பசியில் முதல் பெருமழை விட்டதும் எத்திராஜுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அந்த வருஷம் தான் பார்த்துக் கொடுத்த ஜீப்புகள் எப்படி ஓடுகின்றன என்று, யாரும் கூப்பிடாமல், ஒவ்வொரு நிலமாகப் போய்ப் பார்ப்பார். இந்தத் தடவை நானும் அவர் ஜீப்பில் ஒட்டிக்கொண்டேன். தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. காலை ஏழு மணிக்கு நசரத்பேட்டையில் கால்வாய்க்கரைக்குத் திரும்பினோம். வழியின் பாதியில் வடிவின் ஜீப் அச்சு வரை புதைந்து நின்றது. நாலு சக்கரமும் சுற்றுகின்றன, வண்டி நகரவில்லை. சேற்றுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், பூக்கூடைகளோடு பெண்கள் காத்திருந்தார்கள். ஒன்பது மணிக்குள் பூந்தமல்லி மார்க்கெட்டில் பூ இறங்கவேண்டும்.

குணசேகரன் இடுப்பு வரை சேறாக நின்று அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தான். "நான் அப்பவே சொன்னேன், பட்டன் டயரு வேணும்னு. அவரு சொன்னாரு அவரு சொன்னாருன்னு நீதான ஆடுன. இப்ப கூடைய தலையில தூக்கிக்கினு போ."

வடிவு எங்களைப் பார்த்ததும், "அண்ணே, படுத்துக்கிச்சு" என்று மட்டும் சொன்னார்.

எத்திராஜ் வழியில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்தார். விரல்களுக்கு நடுவே உருட்டினார். மணலாக இருந்தால் உதிர்ந்திருக்கவேண்டும். அது சீடை மாதிரி உருண்டது.

"இது ஏதும்மா இந்த மண்ணு?"

"ஏரி வண்டல்ண்ணே. வைகாசில அடிச்சோம். வண்டி போவச் சொல்லோ வழியெல்லாம் சிந்திச்சி. பள்ளமா கீதேன்னு நாங்களே நாலு லோடு கொட்டி மட்டம் பண்ணோம்."

ஏரிப் பாசனக்காரர்கள் கோடையில் ஏரி காய்ந்ததும் வண்டலை அள்ளி வந்து நிலத்தில் போடுவது வருஷா வருஷம் நடப்பதுதான். எத்திராஜும் அதே வைகாசியில் வெள்ளானூரில் வண்டல் அடித்திருக்கிறார். பங்குனியில் பார்த்த மணல் ஐப்பசியில் அப்படியே இருக்காது என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? மண்ணைப் பார்க்காமல் வண்டியைப் பார்க்காதவர், மாசத்தைப் பார்க்க மறந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மழை மேல் பழி போடலாம், வண்டலைச் சொல்லாமல் விட்ட வடிவின் மேல் போடலாம். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

அவர் நேரே குணசேகரனிடம் போனார். "நைனா, நீ சொன்னதுதான் ரைட்டு. நான் சொன்னது தப்பு. நானும் உழவன்தான், வண்டல் அடிப்பாங்கன்னு எனுக்கு தோணியிருக்கணும், தோணல. ஏசணும்னா என்னிய ஏசு. அக்காவ உட்டுடு."

ஊரே மதிக்கும் மனிதர், பாதி வயதுப் பையனிடம், கூலிப் பெண்கள் எல்லோரும் கேட்க இப்படிச் சொன்னார். குணசேகரன் தலையைக் குனிந்துகொண்டு கயிறு எடுக்கப் போனான்.

எத்திராஜின் ஜீப் வெள்ளானூர் களிமண்ணுக்கென்று பட்டன் டயர் போட்டது. கயிறு கட்டி வடிவின் ஜீப்பைக் கெட்டித் தரைக்கு இழுத்துவிட்டது. "உங்க வண்டியிலயே உள்ள போயி கூடைய எடுத்துக்கினு வந்துரலாமேண்ணே" என்றார் வடிவு.

"இன்னிக்கு நான் எடுத்துக்கினு வந்துருவேன். நாளைக்கு?" என்று கேட்டுவிட்டு, எத்திராஜ் தன் ஜீப்புக்கே ஜாக்கி வைத்தார்.

எட்டு சக்கரம். ஒரு நேரத்துக்கு ஒன்றாக, இவருடையதைக் கழற்றி அதற்கு, அதனுடையதைக் கழற்றி இதற்கு. குணசேகரன் நட்டுகளை வேகவேகமாகத் திருகினான். நானும் என் பங்குக்குச் சக்கரம் உருட்டி வேட்டியைக் கெடுத்துக்கொண்டேன். "உங்க நெலத்துக்கு இன்னாண்ணே பண்ணுவீங்க?" என்று பையன் ஒருமுறை கேட்டான். "அது ஏம்பாடு. நீ அந்த நட்ட இறுக்கு" என்றார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. சின்ன ஜீப் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு உள்ளே போனது, பதினோரு கூடைகளோடு திரும்பி வந்தது. கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த வடிவு எங்களைத் தாண்டும்போது கை கூப்பினார். எத்திராஜ் அதைப் பார்க்காத மாதிரி ஜாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பூந்தமல்லியில் இரண்டு மூட்டை வேப்பம்புண்ணாக்கு ஏற்றிக்கொண்டார். பக்தவத்சலத்திடம் வேறு பட்டன் டயர் கிடைக்காதா என்று கேட்டேன். "மழ வந்ததும் எல்லாம் பூட்சி சார். தை மாசம் பாக்கலாம்" என்றார். சம்பா நாற்று நட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. தைக்குள் அந்த வயலுக்கு எத்தனை நடை போகவேண்டியிருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்கே மனசு வரவில்லை.

வெள்ளானூரில் தார் ரோடு முடிந்து வயலுக்குப் பிரியும் இடத்தில் ஜீப்பை நிறுத்தினார். அங்கிருந்து அவர் வயல் அரை மைல். முழுக்கக் களிமண், முழுக்கத் தண்ணீர். எல்லம்மா அங்கேயே காத்திருந்தார். மூட்டைகளைப் பார்த்தார், அப்புறம் சக்கரங்களைப் பார்த்தார்.

"டயரு எங்க?"

"நசரத்பேட்டையில கீது."

எல்லம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். நேரே ஜீப்பின் பின்பக்கம் போய் ஒரு மூட்டையின் காதுகளைப் பிடித்தார். எத்திராஜ் வேட்டியை மடித்துக் கட்டினார், தோள் துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டார், மூட்டையை வாங்கிக்கொள்ள மனைவியின் முன்னால் குனிந்தார்.