மோரிப் மணலில் நிலாச்சோறு

கடற்கரையில் நிலாச்சோறு சாப்பிட வேண்டும் என்பது என் யோசனை. பௌர்ணமி என்றைக்கு என்று பஞ்சாங்கம் சொன்னது. ராகுகாலத்துக்கு முன்னே புறப்படும் பொறுப்பு என் மச்சானுடையது. கடல் என்ன செய்யும் என்று பார்க்க மட்டும் யாரையும் நியமிக்கவில்லை.

காரும் மச்சானுடையதுதான். பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அது ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

கிள்ளான் வரை ரப்பர் மரம், தாண்டினால் தென்னை. வழியெல்லாம் நான் இயற்கையை வர்ணித்தேன். மனைவி புளியோதரைத் தூக்கைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மோரிப்பில் கடல் வெகுதூரம் விலகிக் கிடந்தது. மணல் ரோட்டைவிடக் கெட்டியாக இருந்தது. சவுக்கு மரத்தடியில் நிறுத்தலாம் என்றார் மச்சான்.

"மரத்தடியில உட்கார இவ்வளவு தூரம் வரணுமா?" என்றேன். காரை மணலில் இறக்கினார். பக்கத்திலேயே கூடாரம் அடித்தோம்.

சாயங்காலம் மனைவிதான் கவனித்தாள். "ஏங்க, அந்த மூங்கில் கம்பு மத்தியானம் மணல்ல நின்னுச்சு. இப்ப தண்ணியில நிக்குது."

பௌர்ணமியன்று கடல் மற்ற நாளைவிட மேலே ஏறும் என்று படித்திருக்கிறேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மச்சான் காரைக் கிளப்பினார். பின்சக்கரம் சுற்றிச் சுற்றி மணலுக்குள் இறங்கியது. தண்ணீர் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, பாரத்தை இறக்குங்க."

பின்சீட்டில் ஏறி, பாய், பானை, விறகு எல்லாவற்றையும் வெளியே நீட்டினேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

சீட்டுக்கடியில் தேடினேன்.

"நீங்கதான்."

இறங்கினேன். அதற்குள் மனைவி கூடாரத்தைப் பிடுங்கி இழுத்து வந்திருந்தாள். "அண்ணே, இதைச் சக்கரத்துக்கு அடியில போடுங்க."

தள்ளினோம். வழுக்கியது. மறுபடி தள்ளினோம். என் கணுக்காலை அலை நனைத்தது, சக்கரத்தையும்தான். மச்சான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி மறுபடி முடுக்கினார். கடைசியில் சக்கரம் கூடாரக் கித்தானைக் கவ்வியது. கார் உறுமிக்கொண்டே ஏறி, அவர் முதலில் காட்டிய அதே மரத்தடியில் போய் நின்றது. கூடாரத்தைக் கடல் எடுத்துக்கொண்டது.

நிலா வந்தது, கடலிலிருந்து அல்ல, முதுகுக்குப் பின்னால், தென்னந்தோப்புக்கு மேலே. அந்தக் கரை மேற்கே பார்த்தது என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

மனைவி சோற்றை உருட்டிக் கையில் வைத்தாள். "உட்கார்ந்து சாப்பிடுங்கண்ணே."

மச்சான் உட்காரவில்லை. இடது கையை மட்கார்டில் ஊன்றியபடி சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.